புதினா எண்ணெயில் இரண்டு அந்நியர்கள்

என் கணவரின் பதின்மூன்றாம் நாள் விருந்தில் பூரியைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது அவருடைய மூக்குதான்.

முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பரங்கிக்காய்க் கறியைத் தொட்டுக்கொண்டே ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் புகழ்ந்தார்கள். லக்னோவை ஒட்டிய எங்கள் பாராபங்கி ஜில்லாவில் அப்படி ஒரு மூக்கு பிறந்ததில்லை என்றார் ஒருவர். எங்களைப் போலவே புதினா எண்ணெய் வடிக்கும் பக்கத்து டேங்க்காரர் சகீர், தயிரில் ஊறிய பூந்தியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"ஒரு நாள் ரோட்டுல சைக்கிள்ல போய்க்கிட்டே, 'டேய், உன் பாய்லர்ல தண்ணி கொறஞ்சிடுச்சு'ன்னு கத்திட்டுப் போனாரு அண்ணன். நின்னு கூட பாக்கல. போய்ப் பாத்தா கொறஞ்சுதான் கெடக்கு."

முக்காட்டுக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்குவதைப் பார்த்த நாத்தனார் அழுகை என்று நினைத்து என் முதுகைத் தடவினாள். "அழுதுடு அண்ணி. உள்ள வச்சுக்காத," என்றாள். அவள் சொன்னதற்காக நானும் கொஞ்சம் சத்தமாகவே குலுங்கினேன்.

உண்மை என்னவென்றால், அந்த மூக்கு அவருக்கு மூன்றே முக்கால் வருடம் முன்பே செத்துவிட்டது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் புகழ்ந்தார்கள், இன்னொரு பூரியும் கேட்டார்கள்.

எங்கள் பக்கம் புருஷன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது. எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. ஜகேசர் வர்மா. எழுதிவிட்டேன். கூரை ஒன்றும் இடியவில்லை.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதைவிட முக்கியமாக, வீட்டுக்குப் பின்னால் ஒரு டேங்க். மே, ஜூன் மாதங்களில் நான்கு கிராமத்து ஜனங்கள் புதினாவை அறுத்து, ஒரு நாள் வெயிலில் வாடவிட்டு, வண்டியில் கொண்டுவந்து அதில் கொட்டுவார்கள். ஏறி நின்று மிதித்து அமுக்கி மூடியை இறுக்கினால், கீழேயிருந்து வரும் நீராவி இலையிலிருந்த எண்ணெயைக் கூட்டிக்கொண்டு குழாய்க்குள் போகும். தொட்டித் தண்ணீருக்குள் சுருண்டு கிடக்கும் குழாய் அது. மறுமுனையில் தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். அதைத்தான் உலகம் முழுக்கப் பற்பசையிலும் இருமல் மிட்டாயிலும் போடுகிறார்கள். அறுத்த புதினாவையும் நாங்கள் புல் என்றுதான் சொல்வோம்; வெந்த புல்லைக் காயவைத்து மறுநாள் அதே அடுப்பில் எரிப்போம். புதினாவைக் கொண்டே புதினாவை வேகவைப்பது. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊர் நாய்கூடப் பல் விளக்கினது போலத்தான் இருக்கும்.

எண்ணெயின் தரம் அதில் மெந்தால் எத்தனை சதவீதம் என்பதில் இருக்கிறது. கடைத்தெரு மொத்த வியாபாரி மக்கன்லால் அதை நகரத்துக்கு அனுப்பிச் சோதிப்பார். சீட்டு வர ஒரு வாரம் ஆகும். ஜகேசர் ஒரு சொட்டைத் தாளில் விட்டு, ஆட்டி, மூக்கருகே கொண்டுபோய்ச் சொல்வார்: "எழுபத்தாறு." ஒரு வாரம் கழித்துச் சீட்டு வரும்: எழுபத்தைந்து புள்ளி எட்டு. ஐந்தாறு வருடம் இப்படி ஒத்துப்போனதும், மக்கன்லால் சீட்டுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார். எங்கள் டேங்க் எண்ணெய்க்கு அவர் சொல்லே சீட்டு. பக்கத்து டேங்க்காரர்களும் சீசாவோடு அவரிடம் வர ஆரம்பித்தார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். பழைய சீட்டுகளை அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. மெந்தால், மெந்தோன், லிமோனீன், மெந்தைல் அசிடேட், புலகோன் என்று நான் வாசிக்க வாசிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் உறவுமுறை வைத்துக்கொண்டே வருவார்.

"மெந்தால்தான் வீட்டுக்குப் பெரியவர். மெந்தோன் அவரோட தம்பி. இலை இளசா இருக்கறப்போ தம்பிதான் வீட்ட நடத்துவான். இலை முத்த முத்த எல்லாம் அண்ணன் கைக்குப் போயிடும். அதான் அவசரப்பட்டு அறுக்கக் கூடாதுங்கறது."

"லிமோனீன்?"

"அது அத்த. கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து மொத ஆளா கெளம்பிடும். தாளுல விட்ட ஒடனே ஒரு வீச்சு வருதுல்ல, அது."

"மெந்தைல் அசிடேட்?"

"மாப்பிள்ள. செடி பூ விட்டாத்தான் ஜாஸ்தி வருவாரு. வந்தா இனிச்ச மாதிரி ஒரு பேச்சு."

"புலகோன்?"

"என் ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி. ஒரு நாள் தங்கினா விருந்தாளி. தங்கிட்டே இருந்தா விஷம்."

இப்படித்தான் எங்கள் வீட்டில் ரசாயனம் நடந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல் வருடம். சித்திரை மாதத்தில் ஊரே படுத்தது. எங்கள் தெருவில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. ஜகேசர் எழுந்தார். இருபது நாளில் டேங்க்குக்கும் போனார். ஆனால் ஒரு மத்தியானம் சகீரின் கிடாவுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, நிதானமாகப் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிடா நாற்றத்துக்கு ஈ கூட யோசித்துத்தான் உட்காரும். நான் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுவிட்டேன்.

"உங்களுக்கு நாறலையா?"

அவர் கிடாவைப் பார்த்தார். கிடா அவரைப் பார்த்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சதுலேர்ந்து," என்றார். "உள்ள யாருமே இல்ல. கதவு தெறந்து கெடக்கு, வீடு காலி."

அறுவடைக்குப் பதினைந்து நாள் இருந்தது. மூக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவேண்டியிருக்கவில்லை. நான்கு கிராமமும் எங்கள் டேங்க்குக்கு வருவது டேங்க்குக்காக அல்ல. அந்த மனிதரிடம் மூக்கைத் தவிரப் பெருமைப்பட வேறு பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இதை நான் அன்போடுதான் சொல்கிறேன். ஆள் குள்ளம், குரல் கீச்சு, வரப்புத் தகராறில் எல்லோரிடமும் தோற்றவர். தாளை மூக்கருகே கொண்டுபோகும் அந்த ஒரு நிமிடம் மட்டும் நான்கு கிராமமும் மூச்சுவிடாமல் அவர் முகத்தைப் பார்க்கும்.

ஆகவே ஒரு புது வழக்கம் பிறந்தது. இனிமேல் டேங்க் அருகில் முகர மாட்டார். குளித்துவிட்டு, வெறும் வயிற்றில், உள்ளறையில் அமைதியாகத்தான் முகர்வார் என்று சொல்லிவிட்டோம். ஜனங்களுக்கு அது இன்னும் பிடித்துப்போனது. சீசாவோடு வாசலில் காத்திருந்தார்கள். உள்ளறையில் முகர்ந்தவள் நான்.

இருபது வருடம் அந்த டேங்க்கில் புல் மிதித்தவள். எனக்கும் ஒரு மூக்கு இருந்தது, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் தடுமாறினேன். பழைய சீசாக்களையும் பழைய சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பத்து நாளில் கை வந்துவிட்டது. காதில் சொல்வேன். அவர் வெளியே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு இடைவெளி விட்டுச் சொல்வார். அந்த இடைவெளி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. போகப்போக நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"எழுபத்திமூணு. எண்ணு எறங்கியிருக்கு. மழைக்கு அப்புறம் அறுத்திருக்க."

"ஆமாண்ணே," என்று அந்த ஆள் தலையைக் குனிவான்.

அவன் போனதும் நான் கேட்பேன்: "மழைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"மூக்குன்னா எண்ண மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுமா? ரெண்டு வார்த்த பேசணும்."

சில நாள் உள்ளேயே பேரம் நடக்கும். "எழுபத்தஞ்சுன்னு வையேன், நம்ம மாமா பையன்," என்பார். "மூக்குக்கு மாமா பையன் கெடையாது," என்பேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போவார்; ஆனால் நான் சொன்ன எண்ணைத்தான் சொல்வார். ஒரு முறைகூட மாற்றியதில்லை.

ஓர் அறுவடை இப்படிப் போயிற்று. அடுத்த வருடம் மக்கன்லாலின் மகன் ஷோபித் ரசாயனம் படித்து முடித்துத் திரும்பினான். கடையின் பின்கட்டில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு சொட்டு விட்டால் அரைமணி நேரத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மலை மலையாகக் கோடு வரைந்து கொடுக்கும். இவ்வளவு செய்தும் ஒரு பயலும் அதை நம்பவில்லை. "ஜகேசர் அண்ணன் என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்டார்கள்.

ஒரு நாள் மக்கன்லால் எங்கள் வாசலுக்கே வந்தார். அவர் ஜகேசரைவிட வயதில் மூத்தவர் என்பதால், நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"ஜகேசர், பையன் மொகத்த தொங்கப் போட்டுட்டுத் திரியறான்," என்றார். "நீ வந்து எல்லார் முன்னாலயும் அஞ்சு சீசாவ மோந்து சொல்லிடு. அவன் மொத நாளே இயந்திரத்துல போட்டு, எண்ண ஒறையில ஒட்டி வச்சிருப்பான். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா இயந்திரத்துக்கும் மரியாத, உனக்கும் மரியாத."

"எங்க வச்சு, லாலாஜி?"

"என் கடை முற்றத்துலதான்."

"உள்ளற இருக்குமா?"

"உனக்கு எதுக்குய்யா உள்ளற? மோந்து பாக்கப்போறியா, புள்ள பெக்கப்போறியா?"

அவர் போன பிறகு ஜகேசர் வெகுநேரம் கட்டிலின் கயிற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மறுத்தாலும் மூக்கு போச்சு, போனாலும் போச்சு. அதைவிட, ஓர் அறுவடையும் அரையும் எங்கள் சொல்லை நம்பி விற்றவர்கள் எல்லோரும் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். நிஜமாகவே அவரே கண்டுபிடித்தது. கையில் பட்ட எண்ணெயோடு கண்ணைத் தேய்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஏய், இங்க வா. குளுருது."

"எண்ணெய கண்ணுல வச்சா குளுராம?"

"மணம் இல்ல. குளுரு இருக்கு. குளுரு மூக்குல இல்லடி, தோல்ல இருக்கு. பெரியவர் இன்னும் என்கிட்ட பேசறாரு."

மெந்தாலின் குளிர்ச்சிக்கு மூக்கு வேண்டாம். அன்றிலிருந்து ஒரு வாரம் பாடம் நடந்தது. நான் பழைய சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அவர் சொட்டைத் தாளில் தொட்டு, முகர்வது போலக் கண்ணின் கீழ் இமைக்கு அருகில் கொண்டுபோய், கண் எத்தனை எண்ணிக்கையில் நீர் விடுகிறது என்று மனதுக்குள் எண்ணுவார். புகுந்த வீட்டுக்குப் புறப்படும் மணப்பெண் மாதிரி நாள் முழுக்கக் கண்ணீர். ஆனால் வாரக் கடைசியில் ஒன்றிரண்டு எண் முன்பின்னாகச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவர் வீட்டுல இருக்காரா, எவ்ளோ தெம்பா இருக்காருன்னு தெரியுது," என்றார். "கூட யாரு யாரு இருக்காங்கன்னு தெரியல. தம்பி, அத்த, மாப்பிள்ள, ஒருத்தர் சத்தமும் கேக்கல."

"அந்தப் பையன் எண்ண மட்டும்தான கேப்பான்?"

"எண்ண மட்டும்தான் கேப்பான்," என்றார். இருவரும் அதை நம்பினோம்.

அந்த வாரம் நடுவில் என் அண்ணன் மகள் கல்யாணம். மூன்று நாள் நான் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் வழக்கம்போல இருந்தது. அப்படித்தான் இருந்தது என்று நினைத்தேன்.

போட்டி நாளன்று அனல் காற்று அடித்தது. மக்கன்லால் கடை முற்றத்தில் ஐம்பது அறுபது பேர். வீட்டுப் பெண்களோடு நான் மாடியில் மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால். கீழே மேசையில் ஐந்து சீசாக்கள், சுவர் ஆணியில் ஐந்து உறைகள். ஜகேசர் குளித்து, தலையில் கடுகெண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"சித்தப்பா, தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றான் ஷோபித். நல்ல பையன்தான்.

"வெறும் வயித்துலதான்," என்றார் இவர் கம்பீரமாக.

முதல் சீசா. தாளை முகத்தருகே கொண்டுபோனார். இடைவெளி. நான் மாடியில் அவரோடு சேர்ந்து எண்ணினேன்.

"எழுபத்தி நாலு."

ஷோபித் உறையைப் பிரித்தான். எழுபத்து மூன்று புள்ளி ஒன்பது. முற்றம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. இரண்டாவது, எழுபத்தெட்டு, இயந்திரம் எழுபத்தேழரை. மூன்று, நான்கு எல்லாம் அப்படியே. சகீர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். ஜகேசரின் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. "பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாரு," என்றாள் மக்கன்லாலின் மனைவி என் பக்கத்தில்.

ஐந்தாவது சீசாவைத் திறந்தபோது சூடான காற்று அதன் மணத்தை மேலே கொண்டுவந்தது. கீழே இருந்தவர்களுக்கு ஏற்கெனவே நான்கு சீசா மூக்கில் ஏறியிருந்தது, ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. புதினாவுக்கு அடியில், மிக மெல்லியதாக, எலுமிச்சைப்புல்.

அது எங்கள் டேங்க் எண்ணெய். வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. புதினா வருவதற்கு முன்னால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் எலுமிச்சைப்புல்லை எங்கள் டேங்க்கில் வடிப்போம். அது முடிந்ததும் டேங்க்கைக் கழுவி, வெறும் நீராவியை ஓட்டி, சொட்டும் தண்ணீரை முகர்ந்து பார்க்க வேண்டும். எலுமிச்சை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவவேண்டும். அந்த வருடம் எலுமிச்சைப்புல் தாமதமாக வந்திருக்கிறது. நான் கல்யாணத்துக்குப் போன மூன்று நாளில். கழுவியிருப்பார். நீராவியும் ஓட்டியிருப்பார். மணம் போய்விட்டதா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஊரில் வேறு யாரையும் கேட்கவும் முடியாது.

கீழே அவர் இடைவெளி விட்டார். "எழுபத்தாறு," என்றார். பிறகு, கேட்கப்படாமலே, மூக்கு ரெண்டு வார்த்தை பேசியது. "சுத்தமான எண்ணெய். ஒரு குத்தம் சொல்ல முடியாது."

ஷோபித் உறையைப் பிரித்தான். ஆனால் வாசிக்கவில்லை.

"எண் சரி சித்தப்பா. எழுபத்தாறுதான்," என்றான். "ஆனா இதப் பாருங்க. மெந்தாலுக்கு அப்புறம், மெந்தைல் அசிடேட்டுக்கு முன்னால, ரெண்டு சின்ன மலை நிக்குது. புதினாவுல இது வரவே வராது. ரெண்டும் சிட்ரால், எலுமிச்ச வாசன தர்ற சரக்கு. யாரோ கலந்திருக்காங்க. உங்க மூக்குக்கு இது தப்பியிருக்காதே?"

முன்வரிசை அந்தத் தாளை எட்டிப் பார்த்தது.

"யாரோட எண்ணெய் அது?" என்றார் மக்கன்லால்.

ஷோபித் தயங்கினான். "தேஷ்ராஜ் கொண்டுவந்தது. சித்தப்பா டேங்க்ல வடிச்சது."

தேஷ்ராஜ் பின்வரிசையிலிருந்து எழுந்தார். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு டிரம்மில் இருந்தது அவருக்கு. "நான் புல்லத்தான் கொண்டாந்தேன். எண்ணெயா எடுத்துக் குடுத்தது ஜகேசர். என்னத்தக் கலந்த? எவ்ளோ எடுத்துக்கிட்டு, எவ்ளோ ஊத்தின?"

மாடியிலிருந்து எனக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மூக்கு வேலை செய்கிறது என்றால் அவர் திருடன். கலப்பட எண்ணெய் என்று தெரிந்தே சுத்தம் என்று சொன்னவர். திருடன் இல்லையென்றால் மூக்கு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவர் தாளைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மக்கன்லால் முன்னால் பேசாதவள் நான். ஆனால் அந்த நிமிடம் முக்காடு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"யாரும் எதையும் கலக்கல. அது எலுமிச்சப்புல். டேங்க் சரியா கழுவல. நேத்தே அவரு மோந்து பாத்துட்டு என்கிட்ட சொல்லிட்டாரு."

இரண்டையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

"நேத்தே தெரியுமா?" என்றார் தேஷ்ராஜ், மெதுவாக. "தெரிஞ்சும் இன்னிக்கி சுத்தம்னு சொன்னானா?"

ஜகேசர் மாடியை அண்ணாந்து பார்த்தார். கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மெந்தாலா வேறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"துலாரி, உக்காரு," என்றார். ஊரார் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "நீ இன்னும் ஒரு ஒத்தாச பண்ணினேன்னா நான் ஜெயிலுக்குப் போயிடுவேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி முற்றத்தைப் பார்த்தார்.

"மூக்கு செத்துப்போச்சு," என்றார் அந்தக் கீச்சுக் குரலில். "காய்ச்சல்ல போச்சு. போன வருஷமே. கெடா நாத்தம்கூடத் தெரியாது. இன்னிக்கி சொன்னது எல்லாம் கண்ணுல வச்சு, குளுர எண்ணிச் சொன்னது. எலுமிச்ச இருந்தா எனக்குத் தெரியாது, தேஷ்ராஜு. நாலு தடவ கழுவினேன். போச்சான்னு கேக்க ஆள் இல்ல. நான் திருடன் இல்ல."

"அப்ப இத்தன நாளா எங்க எண்ணெய்க்கு எண்ணு சொன்னது?" என்றார் சகீர்.

ஜகேசர் விரலை மாடிப் பக்கம் காட்டினார்.

நான் அவசரமாக முக்காட்டைத் தேடினேன். அறுபது முகமும் மேலே திரும்பியிருந்தன.

"அண்ணியா?" என்றார் சகீர். "போன வருஷம் எனக்கு அறுபத்தொம்போது போட்டது அண்ணியா?"

"அறுபத்தெட்டரதான்," என்றேன் தடுப்புக்குப் பின்னாலிருந்து. "கெடாவுக்கு மதிப்பு குடுத்து ஏத்திச் சொன்னேன்."

அந்தச் சிரிப்பில்தான் முற்றம் மறுபடி மூச்சுவிட்டது. ஆனால் தேஷ்ராஜ் சிரிக்கவில்லை. ஷோபித் உள்ளே போய், யாரும் பார்க்காத ஆறாவது சீசா ஒன்றைக் கொண்டுவந்து மாடிக்கு அனுப்பினான். நான் ஒரு துணி நுனியில் தொட்டு முகர்ந்தேன்.

"எழுபத்திரண்டு. தம்பி அதிகமா இருக்கான். பத்து நாள் முன்னாலயே அறுத்துட்டாங்க."

"தம்பின்னா?" என்றான் ஷோபித்.

"மெந்தோன்பா," என்றார் என் கணவர், கீழே, அலுத்துக்கொள்வது போல. "இதுகூடச் சொல்லிக் குடுக்கலியா ஒனக்கு?"

அரைமணி நேரம் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். தர்பூசணி வெட்டினார்கள். இயந்திரம் எழுபத்திரண்டு புள்ளி மூன்று என்றது. மெந்தோன் மலை மற்றவற்றைவிட உயரமாக நின்றது. அதன் பிறகுதான் தேஷ்ராஜ் ஒரு துண்டு தர்பூசணியை எடுத்துக்கொண்டார். அன்று மாலையே ஜகேசர் எங்கள் சொந்த எண்ணெய் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் தேஷ்ராஜ் வீட்டில் வைத்துவிட்டு, எலுமிச்சை ஏறிய எண்ணெயை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை யாரும் வாங்கவில்லை. இரண்டு வருடம் அதை வைத்துத் தரையைத் துடைத்தோம். எங்கள் வீட்டுத் தரை அளவுக்குச் சுத்தமான தரை லக்னோவில்கூட இருந்திருக்காது.

மறுவாரம் வாசலில் ஆள் வராது என்று நினைத்தேன். வந்தார்கள். சீசாவோடுதான். வந்து, எதுவுமே நடக்காதது போல, கட்டிலில் இருந்த ஜகேசரிடம் நீட்டினார்கள். ஒரு பெண்பிள்ளையின் மூக்குக்குக் கட்டுப்படுவது அவர்களுக்கு வாயில் வரவில்லை. அவரும் பெருந்தன்மையோடு வாங்கி உள்ளே அனுப்புவார். நான் இப்போது காதில் சொல்லவில்லை. தெருவுக்கே கேட்கும்படி உள்ளேயிருந்து சொல்வேன். வெளியே எல்லோரும் காது கேட்காதவர்கள் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணை மூடி, இடைவெளி விட்டு, நான் சொன்னதையே சொல்வார். அப்போதுதான் தலையாட்டுவார்கள். மழை, வண்டு, அவசரம் என்று ரெண்டு வார்த்தையும் அவர் விடவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, டீ வரும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த இடைவெளியையும் நான் வழக்கமானது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் முதல் புல் வெந்ததும் சகீர் சீசாவோடு வந்தார். வாசலில் காலிக் கட்டில் கிடந்தது. பழக்கத்தில் அதை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் கதவிடுக்கில் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். உள்ளே முகர்ந்தேன்.

"எழுபத்தொண்ணு," என்றேன்.

சகீர் நகரவில்லை. காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கேட்டது. ஆனால் நின்றுகொண்டே இருந்தார், கட்டிலைப் பார்த்தபடி. யாராவது வெளியே அதைச் சொல்ல வேண்டும்.

நான் வெளியே வந்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அவர் விடும் அளவுக்கே இடைவெளி விட்டேன். அது இவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

"எழுபத்தொண்ணு," என்றேன். "மழைக்கு அப்புறம் அறுத்திருக்க."

"ஆமா அண்ணி," என்று சகீர் தலையைக் குனிந்தார். "அதெப்படி எண்ணெயில தெரியுது?"

எண்ணெயில் ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை மழை பெய்தது. சகீரின் சோம்பேறித்தனம் ஊருக்கே தெரிந்த விஷயம்.